சாலை யாருக்கு? அஞ்சடியில் தொடங்கிய 200 ஆண்டு வழக்கு

சாலை என்றவுடன் மனத்தில் தோன்றுவது வாகனம்தான். கார், பேருந்து, லாரி, மோட்டார்சைக்கிள் என்று வரிசை நீளும். நடந்து போகிறவர் அந்த வரிசையில் கடைசியாகத்தான் வருவார். சில வேளைகளில் வரவே மாட்டார். ஆனால் சிங்கப்பூர் நகரம் உருவானபோது எழுதப்பட்ட முதல் விதிகளில் ஒன்று, நடப்பவருக்காகவே எழுதப்பட்டது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

1822ஆம் ஆண்டில் நகரமைப்புக் குழுவுக்கு ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் விரிவான கட்டளைகளை எழுதிக் கொடுத்தார். எந்தச் சமூகம் எங்கே குடியிருப்பது, தெருக்கள் எப்படி நேராக ஓடுவது, கடைவீடுகள் எப்படி ஒரே சீராக அமைவது என்பதெல்லாம் அதில் இருந்தன. கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது. ஒவ்வொரு கடைவீட்டின் முன்பும் குறிப்பிட்ட அகலத்தில் தாழ்வாரம் விடவேண்டும். அது எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். ஒரு வீட்டின் தாழ்வாரம் அடுத்த வீட்டின் தாழ்வாரத்தோடு சேர்ந்து, தெருவின் இருபுறமும் கூரையிட்ட தொடர்பாதையாக ஓடவேண்டும்.

வெயிலும் மழையும் மாறி மாறி வரும் ஊரில் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறு என்ன இருக்க முடியும்? நிலம் வீட்டுக்காரருக்குச் சொந்தம். நடக்கும் உரிமை ஊருக்குச் சொந்தம். அந்தப் பாதைக்கு மலாய்க்காரர்கள் 'காக்கி லீமா' என்று பெயரிட்டார்கள். தமிழர்கள் 'அஞ்சடி' என்றார்கள். பின்னாளில் மலாயா நகரங்கள் பலவற்றிலும் இந்த அஞ்சடி பரவியது. கோலாலம்பூரின் பழைய கடைவீதிகளில் இன்றும் அதைக் காணலாம்.

சாலை யாருக்கு என்ற கேள்விக்கு ராஃபிள்ஸின் விதி ஒரு பதிலைச் சொன்னது. நடப்பவருக்கும் அதில் பங்கு உண்டு என்பதே அந்தப் பதில். அதன்பின் வந்த இருநூறு ஆண்டுகளும் அந்தப் பங்கு எவ்வளவு என்பதைப் பற்றிய வழக்காகவே நடந்து வந்திருக்கின்றன.

கைதிகள் போட்ட சாலைகள்

விதி எழுதியவர் ராஃபிள்ஸ். ஆனால் காட்டை வெட்டி, சதுப்பைத் தூர்த்து, கல் உடைத்துச் சாலை போட்டவர்கள் யார்? 1825ஆம் ஆண்டில் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பென்கூலன் பிரிட்டிஷார் கையைவிட்டு டச்சுக்காரர்களிடம் போனதால், அங்கே வைக்கப்பட்டிருந்த மெட்ராஸ், வங்காளக் கைதிகள் இங்கே மாற்றப்பட்டார்கள். பிறகு இந்தியாவிலிருந்து நேரடியாகவும் கப்பல்கள் வந்தன.

1873ஆம் ஆண்டு வரை நீடித்த இந்தக் கைதிகள் முறையில்தான் தீவின் முக்கியச் சாலைகள் பல உருவாயின. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இன்று இஸ்தானாவாக இருக்கும் அன்றைய ஆளுநர் மாளிகையும் அவர்களின் உழைப்பில் எழுந்தவை. காலில் விலங்கோடு சாலை போட்டவர்களுக்கு அந்தச் சாலையில் நினைத்த இடத்துக்கு நடந்து போகும் உரிமை இருக்கவில்லை. சாலையைப் போடுகிறவர் ஒருவர், அதில் பாதுகாப்பாகப் போகிறவர் வேறொருவர் என்ற நிலை இந்த நகரத்தின் தொடக்கத்திலேயே இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வது நல்லது.

1888: அஞ்சடிக்காக நடந்த கலவரம்

நாளடைவில் அஞ்சடி நடைபாதையாக மட்டும் இருக்கவில்லை. கடைக்காரர்கள் அரிசி மூட்டையையும் சாடியையும் அங்கே அடுக்கினார்கள். முடிதிருத்துபவர் நாற்காலி போட்டார். கடிதம் எழுதிக் கொடுப்பவர் மேசை வைத்தார். கிளி சோதிடரும் பூக்கட்டுபவரும் கச்சான் விற்பவரும் ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டார்கள். கடை வாடகை கொடுக்க முடியாத எளியவர்களுக்கு அஞ்சடிதான் பிழைப்பு. ஆனால் நடக்க வந்தவர் தெருவில் இறங்கி, மாட்டுவண்டிக்கும் குதிரைவண்டிக்கும் இடையே ஒதுங்கி நடக்க வேண்டியதாயிற்று.

நகராட்சி 1887ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அஞ்சடிகளைக் காலிசெய்ய முனைந்தது. 1888 பிப்ரவரியில் அதிகாரிகள் தாழ்வாரங்களில் இருந்த பொருள்களை அகற்றத் தொடங்கினார்கள். கடைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். மூன்று நாள் கடைகள் மூடிக்கிடந்தன. கல்லெறி நடந்தது, நகரம் ஸ்தம்பித்தது. 'வராண்டா கலவரம்' என்று வரலாறு குறிப்பிடுவது இதைத்தான்.

முடிவில் இரு தரப்பும் இறங்கி வந்தன. ஒருவர் நடந்து செல்லும் அளவுக்கு வழி இருந்தால் போதும், மற்ற இடத்தில் பொருள் இருக்கலாம் என்ற வகையில் கெடுபிடி தளர்ந்தது. யாருக்கும் முழு வெற்றி இல்லை. ஆனால் அந்த மூன்று நாளில் ஓர் உண்மை வெளிப்பட்டது. நடைபாதை என்பது வெறும் காரையும் கல்லும் அன்று. ஒருவரின் நடைக்கும் இன்னொருவரின் வயிற்றுக்கும் இடையே அது கிடக்கிறது. இந்தப் பாடத்தைச் சிங்கப்பூர் 131 ஆண்டு கழித்து மீண்டும் ஒருமுறை படிக்க நேர்ந்தது. அது பின்னால் வரும்.

சக்கரங்கள் பெருகின

அதே காலத்தில் சாலையின் நடுப்பகுதியிலும் கூட்டம் சேர்ந்தது. 1880ஆம் ஆண்டில் ரிக்‌ஷா வந்தது. 1886ஆம் ஆண்டில் நீராவி டிராம் ஓடியது. எட்டே ஆண்டில் நின்றுபோனது. 1896ஆம் ஆண்டில் முதல் மோட்டார் கார் இறங்கியது. 1905ஆம் ஆண்டில் மின்சார டிராமும், 1926ஆம் ஆண்டில் மின்கம்பியில் ஓடும் டிராலி பேருந்தும் வந்தன. இவற்றின் நடுவே 'கொசு பஸ்' என்று பெயர்பெற்ற சின்னஞ்சிறு வண்டிகள் இண்டு இடுக்கெல்லாம் நுழைந்து, கைகாட்டிய இடத்தில் எல்லாம் நின்று ஆள் ஏற்றின.

மனிதன் இழுக்கும் ரிக்‌ஷாவும் மாடு இழுக்கும் வண்டியும் மின்சாரத்தில் ஓடும் டிராமும் பெட்ரோலில் ஓடும் காரும் ஒரே தெருவில், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் போனால் என்ன ஆகும்? விபத்துகள் பெருகின. சிராங்கூன் ரோட்டில் மாட்டுத் தொழிலும் வண்டித் தொழிலும் செய்துவந்த தமிழர்கள் இந்த மாற்றத்தை வாசற்படியிலிருந்தே பார்த்தார்கள். மெதுவாகப் போகும் வண்டி மெல்ல மெல்ல ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. பிறகு காணாமலே போனது. போர் முடிந்தபின் 1947ஆம் ஆண்டில் ரிக்‌ஷா தடை செய்யப்பட்டது.

மேலே ஏறிய பாதசாரி

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் மக்கள்தொகை பெருகியது, கார்களும் பெருகின. சாலையைக் கடப்பது துணிச்சலான செயலாயிற்று. வரிக்குதிரைக் கோடுகள் போடப்பட்டன. சந்திப்புகளில் சமிக்ஞை விளக்குகள் வந்தன. 1964ஆம் ஆண்டில் கோலியர் கீயில் பாதசாரிகளுக்கான முதல் மேம்பாலம் திறக்கப்பட்டது. துறைமுகத்தையும் வங்கிகளையும் ஒட்டிய அந்த இடத்தில், அலுவலகம் விட்டுவரும் கூட்டம் கார்களுக்கு இடையே ஓடுவதைத் தவிர்க்க அது உதவியது.

அதன்பின் மேம்பாலங்கள் தீவெங்கும் எழுந்தன. சாலை நடுவே கம்பி வேலிகள் வந்தன. கடக்குமிடம் 50 மீட்டருக்குள் இருக்கும்போது வேறிடத்தில் சாலையைக் கடப்பது குற்றமாக்கப்பட்டது. உயிர்களைக் காத்த ஏற்பாடுகள் இவை, அதில் ஐயமில்லை. பல வழித்தட வாகனங்கள் விரையும் பெருஞ்சாலையைக் கடக்க அன்று வேறு பாதுகாப்பான வழியும் இருக்கவில்லை.

ஆனால் இந்த ஏற்பாட்டின் அடியில் ஒரு தீர்ப்பு மறைந்திருந்தது. கார் நிற்க வேண்டாம். மனிதன் ஏறி இறங்கட்டும் என்பதே அது. இளைஞனுக்கு அது சில படிகள். கைக்குழந்தையோடு போகும் தாய்க்கு அது ஒரு சுமை. முழங்கால் வலிக்கும் பாட்டிக்கு அது மலை. சக்கரநாற்காலியில் இருப்பவருக்கோ அது மூடிய கதவு. 1822ஆம் ஆண்டில் கூரைபோட்டு வரவேற்கப்பட்ட பாதசாரி, 1960களில் படியேறச் சொல்லப்பட்டார்.

காருக்கு விலை வைத்த நாடு

இதற்கு மறுபக்கமும் உண்டு. பாதசாரியைப் படியேறச் சொன்ன அதே அரசாங்கம், காரோட்டிக்கு உலகில் எங்கும் இல்லாத ஒரு கட்டுப்பாட்டையும் விதித்தது.

ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் உதவியோடு 1967 முதல் 1971 வரை நடந்த நகர, மாநிலத் திட்ட ஆய்வு, நிலம் குறைந்த இந்தத் தீவில் கார்களை மட்டும் நம்பினால் நகரம் தாங்காது என்பதை எடுத்துக்காட்டியது. எல்லாரும் காரில் போவதென்றால் நகரத்தின் பெரும்பகுதி சாலையாகவும் நிறுத்துமிடமாகவும் ஆகிவிடும். எனவே பொதுப் போக்குவரத்துக்கு வழிவிட வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. பல நிறுவனங்களாகச் சிதறி, போட்டியும் ஒழுங்கின்மையுமாக ஓடிய பேருந்துகள் 1971ஆம் ஆண்டில் சில நிறுவனங்களாகவும், 1973ஆம் ஆண்டில் சிங்கப்பூர் பேருந்துச் சேவை என்ற ஒரே நிறுவனமாகவும் இணைக்கப்பட்டன. 1974ஆம் ஆண்டில் பேருந்துக்கென்றே தனித்தடம் ஒதுக்கப்பட்டது.

1975 ஜூன் 2ஆம் தேதி வட்டார உரிமத் திட்டம் நடப்புக்கு வந்தது. காலை உச்சநேரத்தில் நகர மையத்துக்குள் நுழையும் கார், நாளுக்கு மூன்று வெள்ளி கொடுத்து ஓர் உரிமச் சீட்டை வாங்கிக் கண்ணாடியில் ஒட்டவேண்டும். நால்வர் சேர்ந்து வந்தால் கட்டணம் இல்லை. நுழைவளைவுகளின் கீழே அதிகாரிகள் நின்று, ஓடும் கார்களின் சீட்டுகளைக் கண்ணால் பார்த்தே சரிபார்த்தார்கள். கணினியும் இல்லை, கேமராவும் இல்லை. இருந்தும் அந்நேரத்தில் மையத்துக்குள் நுழைந்த வாகனங்கள் 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. இந்தத் திட்டம் 1998ஆம் ஆண்டில் மின்னியல் சாலைக் கட்டணமாக மாறியது. அதற்கு முன்பே 1990ஆம் ஆண்டில் வாகன உரிமைச் சான்றிதழ் வந்து, கார்களின் எண்ணிக்கைக்கே வரம்பு கட்டிவிட்டது.

லண்டன் இதே வழியில் கட்டணம் விதித்தது 2003ஆம் ஆண்டில்தான். அந்த வகையில் சிங்கப்பூர் லண்டனுக்கு 28 ஆண்டு முந்திக்கொண்டது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் திட்டங்கள் யாவும் நெரிசலைக் குறைக்க எழுந்தவை. நெரிசல் குறைந்தால் வண்டி வேகமாகப் போகும். வேகமாகப் போகும் வண்டி, நடப்பவருக்கு நல்லதா? அந்தக் கேள்வி அப்போது பெரிதாக எழவில்லை.

மின்தூக்கி வந்த கதை

1987 நவம்பர் 7ஆம் தேதி இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை முதல் பெருவிரைவு ரயில் ஓடியது. நாடே கொண்டாடிய நாள் அது. ஆனால் அந்த முதல் நிலையங்களில் மேடைக்குச் செல்ல மின்தூக்கி இல்லை. படியும் மின்படியும் மட்டுமே இருந்தன. நாட்டின் மிகப் பெரிய போக்குவரத்துத் திட்டத்தைச் சக்கரநாற்காலியில் இருந்தவர் கீழே இருந்தபடியே அண்ணாந்து பார்த்தார்.

உடற்குறையுள்ளோர் அமைப்புகள் பல ஆண்டு விடாமல் கேட்டன. 1990ஆம் ஆண்டில் கட்டடங்களுக்குத் தடையற்ற வசதி விதிமுறை வந்தது. 2003ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வடகிழக்கு ரயில் பாதையின் நிலையங்கள், மின்தூக்கியும் பார்வையற்றோர் காலால் தடவி அறியும் மேடுகளும் கொண்டவையாகவே கட்டப்பட்டன. லிட்டில் இந்தியா நிலையமும் அவற்றில் ஒன்று. பழைய நிலையங்களிலும் சுவரை உடைத்து மின்தூக்கி பொருத்தும் வேலை நடந்தது. 2006ஆம் ஆண்டில் சக்கரநாற்காலி ஏறும் தாழ்தளப் பேருந்து சாலைக்கு வந்தது. 2013ஆம் ஆண்டுக்குப் பிறகு மேம்பாலங்களுக்கும் மின்தூக்கிகள் வரத் தொடங்கின.

முதலிலேயே செய்திருந்தால் செலவு குறைந்திருக்கும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். மின்தூக்கி வந்தபின் அதில் ஏறுபவர்கள் யார் என்று ஒரு கணம் நின்று பார்த்தால் போதும். சக்கரநாற்காலிக்காரர் ஒருவர் என்றால், தள்ளுவண்டிக் குழந்தையோடு வரும் தாய்மார் நால்வர், சந்தைப் பையோடு வரும் மூத்தோர் பத்துப் பேர். ஒருவருக்காகக் கேட்கப்பட்ட வசதி ஊருக்கே பயன்பட்டது.

பச்சை மனிதனிடம் கூடுதல் வினாடி

மூப்படையும் சமுதாயம் சாலைக்கு ஒரு புதிய கணக்கைக் கொண்டுவந்தது. சமிக்ஞை விளக்கில் பச்சை மனிதன் எரியும் நேரம், சாதாரண நடைவேகத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. எழுபதைக் கடந்தவர் பாதிச் சாலையில் இருக்கும்போதே அது மின்னத் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் அவருக்கு ஏற்படும் பதற்றத்தைக் காரில் அமர்ந்திருப்பவர் அறியமாட்டார்.

2009ஆம் ஆண்டில் நிலப் போக்குவரத்து ஆணையம் 'கிரீன் மேன் பிளஸ்' என்ற ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தது. மூத்தோர் தங்கள் சலுகை அட்டையை விளக்குக் கம்பத்தில் உள்ள கருவியில் தொட்டால், பச்சை மனிதன் இன்னும் சில வினாடி கூடுதலாக எரியும். சாலையின் அகலத்துக்கேற்ப அந்த நேரம் கூடும். சாதாரணமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் ஒரு தலைகீழ் மாற்றம் இருந்தது. இதுவரை மனிதன் விளக்குக்கு ஏற்ப ஓடினான். இப்போது விளக்கு மனிதனுக்கு ஏற்பக் காத்திருந்தது.

2014ஆம் ஆண்டில் 'சில்வர் ஸோன்' எனப்படும் மூத்தோர் வட்டாரங்கள் வந்தன. புக்கிட் மேரா வியூ தொடக்ககால வட்டாரங்களில் ஒன்று. இங்கே செய்யப்பட்டது என்ன? சாலையின் வேகவரம்பு குறைக்கப்பட்டது. ஆனால் பலகை வைப்பதோடு வேலை நிற்கவில்லை. நேராக ஓடிய சாலை இலேசாக வளைக்கப்பட்டது. தடத்தின் அகலம் குறைக்கப்பட்டது. நடுவே திட்டு அமைக்கப்பட்டு, மூத்தவர் பாதியைக் கடந்து நின்று, மூச்சு வாங்கி, மறுபாதியைக் கடக்க வழி செய்யப்பட்டது.

வேகத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும்? பள்ளியில் படித்த அறிவியலே விடை சொல்லும். மோதும் விசையின் ஆற்றல், வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடுகிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் காரைவிட 50 கிலோமீட்டரில் வரும் காருக்கு இரண்டே முக்கால் மடங்கு ஆற்றல் இருக்கிறது. கூடியது 20 கிலோமீட்டர்தானே என்று ஓட்டுநருக்குத் தோன்றும். வயதான எலும்புக்கு அது உயிருக்கும் சாவுக்கும் உள்ள இடைவெளி. வளைந்த சாலையில் வேகமாகப் போக ஓட்டுநருக்கே மனம் வராது; அதுதான் இந்த வடிவமைப்பின் சூட்சுமம். அமைத்து முடிக்கப்பட்ட மூத்தோர் வட்டாரங்களில் மூத்த பாதசாரிகள் சிக்கும் விபத்துகள் ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்ததாக ஆணையம் தெரிவித்தது.

மனிதன் தவறு செய்வான். அந்தத் தவறுக்கு விலையாக உயிரைக் கேட்காத சாலையை அமைப்பது அரசின் கடமை என்ற கொள்கையை 1997ஆம் ஆண்டில் சுவீடன் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்தச் சிந்தனையின் சாயலை இங்கேயும் காணலாம். கவனமாக நட என்று பாட்டியிடம் சொல்வது எளிது. பாட்டி கவனம் தவறினாலும் பிழைக்கும்படி சாலையைக் கட்டுவதுதான் கடினம்.

சுருங்கிய சாலை, விரிந்த நடைபாதை

2013ஆம் ஆண்டு தொடங்கி 2018ஆம் ஆண்டுக்குள் ரயில் நிலையங்களைச் சுற்றி 200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கூரையிட்ட நடைபாதைகள் போடப்பட்டன. 1822ஆம் ஆண்டில் கடைவீட்டுக்காரர் தம் செலவில் விட்ட அஞ்சடியை, இப்போது அடுக்குமாடிப் பேட்டைகளில் அரசாங்கம் பொதுச் செலவில் கட்டியது எனலாம்.

2017ஆம் ஆண்டில் பென்கூலன் ஸ்திரீட்டில் நடந்தது இன்னும் குறிப்பிடத்தக்கது. டௌன்டவுன் ரயில் பாதைக்காகத் தோண்டப்பட்ட அந்தச் சாலை திரும்பத் திறக்கப்பட்டபோது, முன்பிருந்த நான்கு வாகனத் தடங்களில் இரண்டு காணாமல் போயிருந்தன. அவற்றின் இடத்தில் அகன்ற நடைபாதையும் மிதிவண்டிப் பாதையும் மரநிழலும் இருந்தன. சாலையை அகலப்படுத்துவதே முன்னேற்றம் என்று எண்ணிய நகரம், சாலையைச் சுருக்கியும் முன்னேறலாம் என்று காட்டிய இடம் அது. கைதிகள் வந்த ஊரின் பெயரைத் தாங்கிய தெருவிலேயே அது நடந்தது, வரலாற்றின் ஒரு நல்ல தற்செயல்.

2023ஆம் ஆண்டில் அங் மோ கியோ, புக்கிட் பாத்தோக் வெஸ்ட், தெம்பனிஸ், தெங்கா, தோ பாயோ ஆகிய ஐந்து இடங்களில் 'ஃபிரெண்ட்லி ஸ்திரீட்ஸ்' என்ற முன்னோட்டத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பள்ளி, சந்தை, உணவங்காடி நிலையம், ரயில் நிலையம் என்று மக்கள் அன்றாடம் நடக்கும் தெருக்களில், காரைவிட நடப்பவருக்கு முதலிடம் தருவது அதன் நோக்கம்.

மீண்டும் அஞ்சடி வழக்கு

நடைபாதை அகலமானபோது அதற்குப் புதிய விருந்தாளிகளும் வந்தார்கள். தெம்பனிஸில் 2010ஆம் ஆண்டிலிருந்தே நடைபாதையில் மிதிவண்டி ஓட்ட அனுமதி இருந்தது. பிறகு மின்ஸ்கூட்டர்கள் பெருகின. 2018ஆம் ஆண்டில் துடிப்புமிக்க நடமாட்டச் சட்டம் நடப்புக்கு வந்தது. 2019 பிப்ரவரியில் நடைபாதை வேகவரம்பு மணிக்கு 15 கிலோமீட்டரிலிருந்து 10 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. ஆனாலும் பின்னாலிருந்து ஓசையின்றி வந்து உரசிச் செல்லும் வண்டியை நினைத்து, மூத்தோர் பலர் வீட்டின் கீழேயே நடக்க அஞ்சினார்கள்.

2019 செப்டம்பரில் பிடோக்கில் மிதிவண்டியில் சென்ற 65 வயது மாது ஒருவர், மின்ஸ்கூட்டருடன் நேர்ந்த விபத்துக்குப் பிறகு உயிரிழந்தார். நாடு அதிர்ந்தது. அவ்வாண்டு நவம்பர் 5ஆம் தேதி முதல் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர் தடை செய்யப்பட்டது.

தடை வந்த மறுநாளே இன்னொரு குரல் எழுந்தது. உணவு விநியோகம் செய்து பிழைத்த ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு அந்த ஸ்கூட்டர்தான் தொழிற்கருவி. கடன் வாங்கி வாங்கியவர்கள் இருந்தார்கள். அவர்கள் கூட்டம் கூட்டமாக நாடாளுமன்ற உறுப்பினர்களின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிகளுக்குச் சென்று முறையிட்டார்கள். ஸ்கூட்டரை மாற்றி மிதிவண்டியோ மின்மிதிவண்டியோ வாங்கிக்கொள்ள 7 மில்லியன் வெள்ளி உதவித் திட்டம் அறிவிக்கப்பட்டது.

1888ஆம் ஆண்டை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அன்று அரிசி மூட்டை, இன்று மின்ஸ்கூட்டர். அன்று கடையடைப்பும் கல்லெறியும். இன்று மக்கள் சந்திப்பும் மனுவும். வழக்கு ஒன்றுதான். நடப்பவரின் பாதுகாப்பும் உழைப்பவரின் பிழைப்பும் ஒரே நடைபாதையில் மோதிக்கொண்டன. இம்முறை நடப்பவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பிழைப்பை இழந்தவருக்கு ஓரளவு ஈடும் கிடைத்தது. 2025 ஜூலை முதல், மிதிவண்டிப் பாதையை ஒட்டியிருக்கும் நடைபாதை நடப்பவருக்கு மட்டுமே என்ற விதியும் நடப்புக்கு வந்தது.

லாரியின் பின்தட்டில்

'எல்லாருக்குமான சாலை' என்று சொல்லும்போது, அந்த 'எல்லாரும்' யார் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. நடப்பவர், மூத்தவர், சக்கரநாற்காலியில் வருபவர், மிதிவண்டியில் போகிறவர் என்று பட்டியல் வளர்ந்து வந்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இன்னும் முழுமையாக இடம்பெறாத ஒருவர் இருக்கிறார். அவர் தினமும் காலையில் லாரியின் பின்தட்டில் அமர்ந்து அதே சாலையில் போகிறார். அவர் மடியில் சோற்றுப் பொட்டலம் இருக்கிறது. இடுப்பில் வார் இல்லை.

சிங்கப்பூரில் காரின் முன்னிருக்கைக்கு 1981ஆம் ஆண்டிலும் பின்னிருக்கைக்கு 1993ஆம் ஆண்டிலும் இருக்கை வார் கட்டாயமாயிற்று. சரக்கு வாகனத்தில் ஆள் ஏற்றக்கூடாது என்பதே சட்டத்தின் பொதுவிதியும்கூட. ஆனால் தொழிலாளர்களை வேலைக்கு ஏற்றிச் செல்ல அதில் விதிவிலக்கு இருக்கிறது. 2010 ஜூனில் பிஐஇ எனப்படும் தீவு விரைவுச்சாலையில் நடந்த லாரி விபத்தில் ஊழியர்கள் மூவர் மாண்டார்கள். அதையொட்டிய ஆண்டுகளில் லாரிகளுக்குக் கூரையும் உயரமான பக்கத் தடுப்பும் கட்டாயமாயின. 2021 ஏப்ரலில் அதே விரைவுச்சாலையில், நின்றிருந்த லாரியின் மேல் தொழிலாளர்களை ஏற்றிச்சென்ற லாரி மோதி, இருவர் உயிரிழந்தார்கள். 2023 ஜனவரி முதல், ஓட்டுநருக்குப் போதிய ஓய்வு தரவேண்டும், அவர் களைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள உடன் ஒருவர் இருக்கவேண்டும் என்ற விதிகள் வந்தன.

லாரியில் ஆள் ஏற்றுவதையே நிறுத்துங்கள் என்று நாடாளுமன்றத்திலும் வெளியிலும் குரல் எழுந்தது. சிறிய நிறுவனங்களால் தாங்க இயலாது, கட்டுமானச் செலவு கூடும், பேருந்துகளும் ஓட்டுநர்களும் போதாது என்று 2023ஆம் ஆண்டில் அரசாங்கம் விளக்கமளித்தது. அந்தக் கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. 1888ஆம் ஆண்டில் கடைக்காரர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 1987ஆம் ஆண்டில் மின்தூக்கிக்குச் செலவாகும் என்று சொன்னதிலும் ஒரு கணக்கு இருந்தது. ஒவ்வொரு முறையும் நகரம் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்து, விட்டுப்போன ஒருவரைச் சேர்த்துக்கொண்டது என்பதே இந்த வரலாறு காட்டும் உண்மை.

இன்னும் போகவேண்டிய தூரம்

2023ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ச் சாலைகளில் 136 பேர் மாண்டார்கள். 2024ஆம் ஆண்டில் அது 142ஆக உயர்ந்தது. மாண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் சென்றவர்கள். எண் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் மாலையில் திரும்பி வராத ஒருவர் இருக்கிறார். சாப்பாட்டை மூடிவைத்துக் காத்திருந்த ஒரு வீடு இருக்கிறது.

சாலைப் பாதுகாப்பு என்பது போலிஸ் வேலை என்றும், பொறியாளர் வேலை என்றும் விட்டுவிடுவது வழக்கம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. மின்தூக்கியைக் கேட்டு வாங்கியவர்கள் உடற்குறையுள்ளோர். நடைபாதையை மீட்டவர்கள் அச்சத்தை வாய்விட்டுச் சொன்ன மூத்தோரும் பெற்றோரும். கேட்டவர்களுக்குத்தான் சாலை வழிவிட்டிருக்கிறது.

லாரியில் போகிறவருக்கு இங்கே வாக்குரிமை இல்லை. மனு கொடுக்க நேரமும் இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் விலங்கோடு சாலை போட்டவருக்காகப் பேச அன்று யாரும் இருக்கவில்லை. இன்று சாலை போடுகிறவர், வீடு கட்டுகிறவர், ரயில் சுரங்கம் தோண்டுகிறவர் ஆகியோருக்காகப் பேச, அந்தச் சாலையில் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். நடப்பவருக்குக் கூரை போடு என்று தொடங்கிய நகரத்தில், உழைப்பவருக்கு ஓர் இருக்கையும் வாரும் கேட்பது பெரிய ஆசை அன்று.